வல்லாரையும் அரை வாழைப்பழமும்: ஸ்பிரிங்வேலில் ஒரு சனிக்கிழமை

மெல்பேர்ண் நகர மத்தியில் இருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீற்றர் போனால் டண்டினோங் வரும். எம்மவர்களுக்கு இந்த ஊரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. படகில் வந்தவர், விமானத்தில் வந்தவர், படிக்க வந்து நின்றுவிட்டவர், எல்லோரும் ஒரு தடவையாவது டண்டினோங் சந்தைக்குள் முருங்கைக்காய் தேடித் திரிந்திருப்பார்கள். நாங்கள் நால்வர் இருக்கும் வீடு அதற்கு இரண்டு ஸ்ரேசன் முன்னால், நோபிள் பார்க்கில் இருந்தது. மூன்று அறை, நாலு பேர், ஒரு குளியலறை. நால்வரும் 2012 இலும் 2013 இலும் கடலால் வந்தவர்கள். நால்வருக்கும் தொழிற்சாலை வேலை. பெயர் எழுத வேண்டாம் என்பது வீட்டுத் தீர்மானம். ஆகவே ஊரால் சொல்லுகிறோம்: முல்லைத்தீவுப் பெரியண்ணை, கைதடியார், மட்டக்களப்பு மச்சான், மன்னார்த் தம்பி. இவர்களில் யார் இதை எழுதுவது என்று கேட்க வேண்டாம். எழுதியதை நால்வரும் வாசித்து, சண்டை பிடித்து, திருத்திய பிறகே அனுப்புகிறோம்.

விசயம் காலைச் சாப்பாடு. சிரிக்க வேண்டாம். வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஆம்பிளைகளின் காலைச் சாப்பாடு எப்படியானது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

எங்களில் இருவருக்கு இரவு வேலை, இருவருக்குப் பகல் வேலை. இரவுக்காரர் விடிய ஐந்தேகாலுக்கு வீடு வருவார்கள். பகற்காரர் ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிடுவார்கள். ஒரே வீட்டில் இருந்தும் நால்வரும் ஒன்றாகக் கண் விழித்து நிற்பது அந்த அரை மணித்தியாலம் மட்டுந்தான். ஒரு பகுதி சப்பாத்தைக் கழற்றும், மற்றப் பகுதி சப்பாத்தைப் போடும். வாடகைக் காசு, லோயரின் கடிதம், ஊரில் யார் செத்தது, எல்லாக் கதையும் அதற்குள் முடிய வேண்டும்.

இரவு வேலை இலை கழுவும் தொழிற்சாலையில். கடைகளில் பிளாஸ்ரிக் பையில் அடைத்து வைத்திருக்கும் சின்னக் கீரை, றொக்கற், லெற்றியூஸ் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? மெல்பேர்ணைச் சுற்றி கிளைட், கிரான்பேண், வெறிபி பக்கமெல்லாம் மரக்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. இப்போது கிளைட் பக்கத்துத் தோட்டங்களை வீடுகள் விழுங்கிக்கொண்டு வருகின்றன, அது வேறு கதை. வயலில் இயந்திரம் புல்லு வெட்டுவது போல இலையை அரிந்து வரும். வந்ததும் சூட்டைப் போக்கக் குளிரறை. பிறகு பெல்ற்றில் விழும். நாங்கள் இரண்டு பக்கமும் நின்று மஞ்சள் இலை, களை, சில நாளில் ஒரு தவளைக் குஞ்சையும் பொறுக்குவோம். குளோரின் கலந்த ஐஸ் தண்ணீரில் கழுவி, உடுப்பு மெசின் மாதிரிச் சுற்றித் தண்ணீரை எடுத்து, நிறுத்து, பையில் அடைத்து, இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்கும் வாசலுக்குள்ளால் அனுப்புவோம். அறையின் குளிர் 4 பாகைக்கு மேலே போக விடமாட்டார்கள். இலைக்கு நல்லது. மனிசரின் முழங்காலுக்கு நல்லதில்லை.

இரவு முழுக்க மற்றவர்களின் காலைச் சாப்பாட்டைக் கழுவிவிட்டு, நாங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு துண்டு பாணில் ஜாம் பூசித் தின்போம். பகற்காரர் அதுவும் இல்லை. ரெயிலில் ஒரு எனர்ஜி டிரிங்க் ரின். தொழிற்சாலையில் பத்து மணிக்கு ஒரு பை. அந்தப் பைக்குள் என்ன இறைச்சி என்று தம்பி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

2021 ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் கைதடியாருக்கு உடம்பில் கவனம் வந்தது. இங்குள்ள வெள்ளையர்கள் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்றைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். 'ஸ்மூத்தி' என்றார்கள். பழமும் கீரையும் சேர்த்து அடித்த கூழ். கைதடியார் பழைய சாமான் கடையில் 12 டொலருக்கு ஒரு பிளெண்டர் வாங்கி வந்தார். மூடி இல்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். முதல்நாள் கூரைவரை பச்சை.

அந்த பிளெண்டருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1922 இல் ஸ்ரீபன் பொப்லாவ்ஸ்கி என்ற போலந்துக் குடியேறி, அமெரிக்காவில், கோப்பையின் அடியில் கத்தி சுற்றும் இயந்திரத்தைச் செய்தார். மோல்ற் கலந்த பால் அடித்து விற்கத்தான். பிறகு பிரெட் வேறிங் என்ற வாத்தியக்குழுத் தலைவர் காசு போட்டு 1937 இல் சந்தைக்கு விட்டார். ஒரு குடியேறியின் கண்டுபிடிப்பில் பாட்டுக்காரரின் பெயர் நின்றுவிட்டது. மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "நம்மட கதைதானே" என்றான்.

எங்களுடைய முதல் ஸ்மூத்தி எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லுகிறோம். வாழைப்பழம் ஆளுக்கு இரண்டு. மாம்பழக் காலத்தில் ஆளுக்கு ஒரு மாம்பழம். பெட்டியில் வரும் தோடம்பழச் சாறு அரை லீற்றர். தேன் இரண்டு கரண்டி. சீனி போட்ட யோகற். கடைசியாக, பச்சை நிறம் வருவதற்காக ஒரு பிடி கீரை. ஆகா, என்ன சுவை! ஊரில் திருவிழாவுக்குப் போய் சர்பத் குடித்த மாதிரி இருந்தது. பெரியண்ணை மட்டும் முதல்நாள், "ஆட்டுக்குப் போடுற இலையை அரைச்சுத் தாறியளோ?" என்றார். இரண்டாம் நாள் தொடக்கம் அவருக்குத்தான் பெரிய கோப்பை. ஏனெனில் அவர்தான் மூத்தவர், அவர்தான் களைத்தவர்.

வாழைப்பழம் பற்றிச் சின்னதாக ஒன்று. இங்கே கடையில் இருப்பது பெரும்பாலும் கவென்டிஷ் என்ற ஒரே இனம். குயின்ஸ்லாந்தின் வடக்கே இனிஸ்பெயில், டுலி பக்கம் இருந்து வருகின்றது. 2006 இல் லாரி புயலும் 2011 இல் யாசி புயலும் அந்தத் தோட்டங்களைச் சாய்த்தபோது கிலோ 10 டொலரைத் தாண்டியதாம். எங்களுக்கு முன் வந்தவர்கள் அதை இடம்பெயர்வுக் கதை மாதிரிச் சொல்லுவார்கள். இதரை, கப்பல், கதலி, மொந்தன் என்று பெயர் சொல்லித் தின்ற எங்களுக்கு ஒரே இனம் சப்பென்றுதான் இருக்கிறது. 'லேடி பிங்கர்' என்று குட்டையாக ஒன்று வரும், அது கொஞ்சம் ஊர் ஞாபகம் தரும். மாம்பழத்தில் 'கென்சிங்ரன் பிறைட்' நல்லது. ஆனால் கைதடியாரின் முன்னால் அதைக் கறுத்தக்கொழும்பானுடன் ஒப்பிட்டுக் கதைக்க வேண்டாம்.

2022 யூன் மாதம், நல்ல குளிர். வேலைத்தலத்தில் பெரியண்ணை பெல்ற்றுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தார். பக்கத்தில் நின்ற ஆள் நித்திரை தூங்கி விழுந்தார் என்று நினைத்தானாம். அம்புலன்ஸ் கூப்பிடப் போனபோது அண்ணை கையைப் பிடித்து வேண்டாம் என்றார். காரணம் வாசகர்கள் சிலருக்கு உடனே விளங்கும். அவருடைய பிறிட்ஜிங் விசா காலாவதியாகிப் புதியது வராமல் இருந்த மாதம் அது. விசா செத்தால் மெடிக்கெயார் அட்டையும் செத்துவிடும். அம்புலன்ஸ் வந்தால் எத்தனை ஆயிரம் டொலர் பில் வருமோ, வேலைத்தலம் விசாவைக் கேட்குமோ, நோயாளி என்று எழுதினால் வழக்குக்குக் கூடாதோ என்று ஒரு நிமிசத்துக்குள் இவ்வளவும் யோசித்திருக்கிறார், தலை சுற்றிக்கொண்டு கிடந்த மனிசன்.

இரண்டு நாள் நாங்களும் அவருடைய பேச்சைக் கேட்டோம். அது எங்களுடைய பிழை. மூன்றாம் நாள்தான் டண்டினோங்கில் அகதிகளுக்கென்று மொனாஷ் சுகாதார சேவை நடத்தும் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். இதை எல்லோரும் அறிந்து வைத்திருக்க வேண்டும்: விக்ரோறியா மாநிலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் தஞ்சம் கோரியவர்களை மெடிக்கெயார் இல்லாவிட்டாலும் காசு கேட்காமல் பார்க்கும். அதுபோல 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை இலக்கத்தில் தமிழும் உண்டு. டொக்டரோ நேர்சோ எடுத்தால் எங்களுக்குச் செலவில்லை. எங்கள் நால்வருக்கும் இது பத்து வருசமாகத் தெரியாது.

விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். மெசின் 19 காட்டியது. 19 என்றதும் நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஊரில் 140, 200 என்றெல்லாம் சொல்லிப் பழகிய எங்களுக்கு 19 ஒரு சின்ன இலக்கமாகத் தெரிந்தது. நேர்ஸின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. இங்கே அளவு வேறு. இங்கத்தைய இலக்கத்தை 18 ஆல் பெருக்கினால் ஊர் இலக்கம் வரும். வெறுவயிற்றில் 7 என்றால் ஊரில் 126, அதற்கு மேல் போனால் நீரிழிவு என்று அர்த்தம். 19 என்றால் 342!

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நேர்ஸ் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். நாங்கள் பெருமையாக ஒன்றொன்றாகச் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டே வந்து, தேன் இரண்டு கரண்டி என்ற இடத்தில் பேனையை வைத்துவிட்டார். பழத்தைக் கடித்துத் தின்றால் இரண்டோடு வயிறு போதும் என்று சொல்லும், அடித்துக் குடித்தால் ஐந்து பழம் ஒரு நிமிசத்தில் இறங்கிவிடும் என்று விளங்கப்படுத்தினார். பெட்டிச் சாறு, தேன், சீனி யோகற் மூன்றும் முற்றாக வேண்டாம். கீரை நல்லது, அதைக் கூட்டுங்கள் என்றார். மெற்போமின் குளிசையும் எழுதினார்கள். பெரியண்ணை திரும்பி வரும்போது ரெயிலில் ஒன்றும் கதைக்கவில்லை. நோபிள் பார்க்கில் இறங்கும்போது மட்டும், "நீங்கள் அன்பாத்தானே தந்தனீங்கள்" என்றார். அதைவிட அடித்திருக்கலாம்.

இப்போது ஸ்பிரிங்வேலுக்கு வருவோம்.

நோபிள் பார்க்கில் இருந்து நகரப் பக்கம் இரண்டாவது ஸ்ரேசன். இந்தச் சின்னப் பயணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2018 இல் தண்டவாளத்தைத் தூண்களில் உயர்த்தியதால் நோபிள் பார்க் நிலையம் ஆகாயத்தில் நிற்கின்றது. அங்கே ஏறினால் ஓட்டுக்கூரைகளும் பின்வளவுகளும் உடுப்புக் கொடிகளும் தெரியும். அடுத்தது சாண்டவுன் பார்க், குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் தரையோடு இருக்கின்றது. அதற்கு அடுத்த ஸ்பிரிங்வேல் 2014 இல் தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது. ஆக, ஆறேழு நிமிசத்தில் வானத்தில் இருந்து பள்ளத்துக்கு இறங்கி விடுவோம். மேலே ஏறி வந்தால் வியட்னாம்.

உண்மையாகவே அப்படித்தான். 1975 ஏப்ரல் 30 இல் சைகோன் விழுந்த பிறகு கடலால் வெளிக்கிட்ட வியட்னாம் மக்களில் பலரை அவுஸ்திரேலியா எடுத்தது. ஸ்பிரிங்வேலில் 'என்ரபிறைஸ்' என்ற குடியேறிகள் விடுதி 1992 வரை இருந்தது. அங்கே தங்கியவர்கள் பக்கத்திலேயே வீடு எடுத்து, பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்து, கடை போட்டார்கள். டண்டினோங்கில் அந்தக் காலம் ஹெயின்ஸ் ரின்சாப்பாட்டுத் தொழிற்சாலை, ஜெனரல் மோட்டேர்ஸ் கார்த் தொழிற்சாலை எல்லாம் ஓடியது. இரண்டும் இப்போது இல்லை. கடைகள் இருக்கின்றன. பக்கிங்காம் அவெனியூ முழுக்க மீன், தாரா, டுரியான், கொய்யா, பலாப்பழம், மூலிகை என்று நடைபாதைக்கு வெளியே வழியும். சனிக்கிழமை காலை அங்கே நடந்தால் யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் இடிபடுவது போலத்தான். பாசை மட்டும் வேறு.

நாங்கள் அன்று கீரை தேடித்தான் போனோம். தொழிற்சாலைக் கீரையை வீட்டிலும் பார்க்கப் பெரியண்ணைக்கு விருப்பமில்லை. ஒரு கடை வாசலில் தண்ணீர் தெளித்த பெட்டியில் ஒரு கட்டு. வட்ட இலை, நடுவில் ஒரு வெட்டு, நீட்டுக் காம்பு. நால்வரும் ஒரே நேரத்தில் நின்றோம். தம்பி எடுத்து நகத்தால் கிள்ளி முகர்ந்தான்.

வல்லாரை!

மச்சானுக்கு வயல் வரம்பு ஞாபகம் வந்ததாம். கைதடியாருக்குக் கிணற்றடித் துலாவுக்குப் பக்கத்துப் பாத்தி. பெரியண்ணை ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு கட்டு எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காசு வாங்கிய அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து, "ராவ் மா" என்றார். நாங்கள் "வல்லாரை" என்றோம். சிங்களத்தில் 'கொட்டுகொல' என்பதும் இதுதான். அவர் கையால் சுற்றிக் காட்டி, குடிக்கும் சைகை செய்தார். பக்கத்துக் கடையைக் கை காட்டினார். அங்கே போய்ப் பார்த்தால் பெரிய பிளாஸ்ரிக் குவளையில் கரும்பச்சைச் சாறு! வல்லாரையைத் தண்ணீரோடு அடித்து, வடித்து, சீனியும் ஐசும் போட்டு விற்கிறார்கள். சிலர் தேங்காய்ப்பாலும் விட்டுக் குடிக்கிறார்கள். வெள்ளையரின் ஸ்மூத்தியைப் பார்த்து நாங்கள் ஆடிக்கொண்டு இருந்த காலம் முழுக்க, இரண்டு ஸ்ரேசன் தள்ளி வல்லாரையைக் குவளையில் விற்றுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா பத்து வயதில் படகில் வந்தவராம், மலேசியாவின் பிடோங் தீவு முகாமில் ஒரு வருசத்துக்கு மேல் இருந்தவராம். இது நாங்கள் பலமுறை போய்வந்த பிறகு தெரிந்தது. எந்த வருசம் வந்தீர்கள் என்று அவர் எங்களைக் கேட்டார். 2012 என்றோம். இன்னும் விசா இல்லையா என்று கேட்டார். இருவருக்கு இல்லை என்றோம். அவர் ஒரு கட்டு கூடப் போட்டு பையை முடிந்து தந்தார்.

வல்லாரையை ஊரில் நாங்கள் பச்சையாகச் சம்பல் போடுவோம். சின்னனாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிப்புளி. இலைக்கஞ்சிக்கும் போடுவார்கள். முசுட்டை, முல்லை, மொசுமொசுக்கை, தூதுவளை, வல்லாரை என்று எது கிடைத்ததோ அது. சிவப்பரிசியைக் குழைய விட்டு, இலையை உரலில் இடித்துப் பிழிந்த சாற்றை அடுப்பால் இறக்கும் நேரத்தில் விடுவார் அம்மா. முந்தி விட்டால் திட்டு விழும். இலையின் பச்சையத்துக்குள் இருக்கும் மக்னீசியம் சூட்டிலும் புளிப்பிலும் கழன்று நிறம் பழுத்துவிடும் என்பதை இங்கே வந்து அறிந்தோம். அம்மாவுக்கு மக்னீசியம் தெரியாது, நேரம் தெரியும். தேங்காய்ப்பால் விட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது கைதடிப் பாலத்தடியில் யாரோ கிடாரத்தில் வைத்துத் தந்த கஞ்சியில் இலையும் இல்லை, பாலும் இல்லை. கைதடியாருக்கு அப்போது ஏழு வயது. ஆனாலும் அதன் சூடு நினைவிருக்கிறது என்கிறார்.

கஞ்சி காய்ச்ச முக்கால் மணித்தியாலம் வேண்டும். எங்களிடம் இருப்பது அரை மணித்தியாலம். அதனால் இரண்டையும் கலந்தோம். பல மாதம் பிழைத்து, இப்போது நிலைத்து நிற்கும் முறை இதுதான். நான்கு கோப்பைக்குச் சொல்லுகிறோம்.

வல்லாரை ஒரு கட்டு. வேரையும் தடித்த காம்பையும் வெட்டி, மூன்று தண்ணீரில் கழுவுங்கள். ஈரநிலத்தில் படரும் இலை என்பதால் மண் அடியில் நிற்கும். கழுவிய இலையைத் துணியில் சுற்றி பிறிட்ஜில் வைத்தால் நாலு நாள் நிற்கும். முதல்நாள் இரவே இரண்டு பிடி ஓட்ஸ் ஊறப் போடுங்கள், அது எங்கள் சிவப்பரிசிக்குப் பதில். காலையில் இலையைத் தண்ணீருடன் தனியே முதலில் அடிக்க வேண்டும். பழத்தோடு சேர்த்துப் போட்டால் நார் நாராக நிற்கும், தொண்டையில் சிக்கும். இலை மசிந்த பிறகு ஓட்ஸ், ஒரு கெக்கரிக்காய், ஒரு பச்சை அப்பிள் தோலோடு, இஞ்சி ஒரு துண்டு, சீனி இல்லாத யோகற் நாலு கரண்டி, ஒரு கிள்ளு உப்பு. வாழைப்பழம் ஆளுக்கு அரை, அதற்கு மேல் இல்லை. தோலில் புள்ளி விழுந்த பழத்தை உரித்துப் பாதியாக முறித்து, பொலித்தீனில் சுற்றி உறைய வைத்தால் ஐஸ் போடத் தேவையில்லை. தேசிக்காயைக் கடைசியில், கோப்பையில் ஊற்றிய பிறகு பிழியுங்கள். முன்னமே பிழிந்து போத்தலில் கொண்டுபோனால் பத்து மணிக்குக் குட்டைத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். குடிக்கலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவன் கேள்வி கேட்பான். வல்லாரையின் கைப்பை யோகற் கொழுப்பும் புளியும் அமர்த்தும். சம்பலில் தேங்காயும் தேசிக்காயும் செய்த அதே வேலை.

மெசினின் சத்தம் ஒரு நிமிசந்தான். ஆனால் காலை ஐந்தரைக்கு ஒரு நிமிசம் நீளமானது. பக்கத்து வீட்டு கிரேக்கத்துக் கிழவர் ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். ஒரு கோப்பை கொடுத்தோம். குடித்துவிட்டு, தன் தோட்டத்தில் கைப்புக் கீரை இருக்கிறது என்று ஒரு சொப்பிங் பை நிறையத் தந்தார். அதன் பிறகு சத்தம் பற்றிப் பேச்சில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வல்லாரை பெரியண்ணையின் சீனி வருத்தத்தை மாற்றவில்லை. மாற்றும் என்று யாராவது உங்களுக்கு வீடியோ அனுப்பினால் நம்ப வேண்டாம். குளிசை போடுகிறார், சோற்றைக் குறைத்தார், ரெயிலுக்குப் பதில் வேலைக்குப் பாதி வழி நடக்கிறார், தேனையும் சாற்றையும் நாங்கள் நிறுத்தினோம். மூன்று மாதத்தின் பின் வெறுவயிற்றில் 8.1 வந்தது. அன்று மச்சான் கோழி வாங்கினான். இன்னொன்று, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. இலையில் உள்ள விற்றமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பச்சை ஸ்பினாச்சை நாளாந்தம் அடித்துக் குடிப்பதும் நல்லதில்லை. டொக்டரைக் கேளுங்கள்.

2023 பெப்ரவரியில் அரசாங்கம் தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசா தருவதாக அறிவித்தது. எங்கள் வீட்டில் கைதடியாரும் தம்பியும் அதற்குள் வந்தார்கள். பெரியண்ணையும் மச்சானும் வரவில்லை. அவர்களுடைய வழக்கு 'விரைவுப் பாதை' என்ற முறையில் மறுக்கப்பட்டது. அந்த மறுப்புகளை மீளாய்வு செய்த அமைப்பையே 2024 ஒக்ரோபரில் மூடிவிட்டார்கள். அது கொடுத்த மறுப்புக் கடிதங்கள் மட்டும் அலுமாரிக்குள் அப்படியே இருக்கின்றன. ஒரே கடலில் வந்தவர்கள். அறிவிப்பு வந்த அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பெரியண்ணைதான் முதலில் பிளெண்டரைப் போட்டார். அந்த நாள் அந்தச் சத்தம் உதவியாக இருந்தது.

நாங்கள் ஒரு ரெஜிபோம் பெட்டியில் வல்லாரையும் நட்டிருந்தோம். வேரோடு வந்த கட்டில் இருந்து இரண்டு கணுவைப் புதைத்தது. மெல்பேர்ண் குளிரில் யூன், யூலை மாதம் சிவந்து சுருங்கிச் செத்த மாதிரிக் கிடக்கும். பனி விழும் இரவில் பழைய பெற்சீற்றால் மூடுவோம். ஒக்ரோபரில் திரும்பத் தலை காட்டும். வெயில் 40 பாகை அடிக்கும் நாளில் நிழலுக்கு இழுக்க வேண்டும். பிள்ளை வளர்க்கிற பாடு.

போன வருசம் கைதடியாரின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகளை விட்டு அவர் வெளிக்கிட்டபோது அவளுக்கு ஆறு மாதம். இப்போது அப்பாவின் தோளுக்கு நிற்கிறாள். கிரான்பேணில் வீடு எடுத்துப் போகும் நாளில், தம்பி கத்தியை எடுத்து வல்லாரைப் பெட்டியை நடுவே அறுத்து, பாதியை வேரும் மண்ணுமாக ஒரு வாளிக்குள் இறக்கிக் கொடுத்தான். பிளெண்டர் யாருக்கு என்று கொஞ்ச நேரம் இழுபறி. மூடி இல்லாத பிளெண்டர் தனக்கு வேண்டாம் என்று கைதடியார் சொன்னார். அவருக்கு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முதல்நாள் காலை, பிள்ளைக்கு எங்கள் வீட்டில் முதல் கோப்பை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு குடித்தாள்.

"அப்பா, இது அம்மம்மாவின்ர கஞ்சி மாதிரி இல்லை. கைக்குது. சீனி இல்லையோ?"

வீட்டில் சீனி வைத்திருப்பதில்லை. நாங்கள் ஆளுக்காள் பார்த்தோம். பெரியண்ணை எழும்பிப் போய் பிறிட்ஜின் மேல்தட்டைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய தன்னுடைய அரை வாழைப்பழத்தை எடுத்து வந்து, அவளுடைய கோப்பையைத் திரும்ப மெசினில் ஊற்றி, மேலே கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினார்.